தண்ணிக்குள் பாட்டா, கடலோசையா? வன்னிக் கரையில் சிலிண்டரோடு சுழியோடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீந்தும்போது பாட்டுக் கேட்கிற ஹெட்செட்டுகள் இப்போது வன்னிக்கும் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளிலும் மன்னார்ப் பக்கம் வங்காலை, அரிப்பு, சிலாபத்துறைப் பார்களிலும் (கடலடிப் பாறைத் திட்டுகளிலும்) இறங்குகிற இளம் பிள்ளைகள் "இதைப் போட்டுக்கொண்டு போகலாமா?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிலிண்டர் கட்டி இறங்கினால் பாட்டு வேண்டாம். காற்று மானி எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை காது. வேண்டாம் என்பதற்கான காரணங்களையும், பாட்டு எங்கே பரவாயில்லை என்பதையும், கடலின் சத்தத்தை எப்படிக் கேட்பது, எப்படிப் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதையும் கீழே விரித்து எழுதியிருக்கிறோம்.

தண்ணிக்கு அடியில் உண்மையில் ஏதாவது கேட்குமா? ஒரே அமைதி என்றல்லவா சொல்கிறார்கள்?

அமைதி என்பது தலையை உள்ளே விடாதவர்கள் சொல்வது. பார் இருக்கிற இடத்தில் இறங்கியதும் முதலில் கேட்பது ஒரு சடசடப்பு. சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போல, நிற்காமல், எல்லாப் பக்கத்தாலும் வரும். அதற்கு மேல் உங்கள் குமிழிகளின் கொளகொளப்பு. எங்கோ ஒரு வள்ளத்தின் எஞ்சின். நங்கூரச் சங்கிலி கல்லில் உரசும் சத்தம்.

காற்றில் சத்தம் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். கடல்நீரில் சுமார் 1500 மீற்றர். நாலு மடங்குக்கும் அதிகம். தண்ணீர் சத்தத்தைக் குறைவாகவே விழுங்குவதால் தூரத்துச் சத்தமும் வந்து சேரும். நம்முடைய காது காற்றுக்கு என்று அமைந்தது. தண்ணிக்குள் செவிப்பறை அவ்வளவாக வேலை செய்யாது. உடம்பும் தண்ணீரைப் போன்ற பொருள் என்பதால் சத்தம் மண்டையோட்டு எலும்பின் வழியே நேராக உட்காதுக்குப் போகிறது. அதனால் மென்மையான சத்தங்கள் மேலே கேட்பதுபோல் கேளா. தடித்த றப்பர்த் தொப்பி போட்டால் இன்னும் குறையும். கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும்.

சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஏன் பிடிபடுவதில்லை?

வலப்பக்கம் ஒரு சத்தம் வந்தால் அது வலக் காதுக்கு முதலிலும் இடக் காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் சேரும். காற்றில் அந்த இடைவெளி கூடினால் 0.6 மில்லிசெக்கன். அதை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீரில் அதே இடைவெளி 0.14 அளவுக்குச் சுருங்கிவிடும். போதாததற்குச் சத்தம் எலும்பு முழுவதிலும் பரவுகிறது. அதனால் எல்லாம் தலைக்கு உள்ளே அல்லது தலைக்கு மேலே கேட்பது போலத் தோன்றும்.

ஆகவே காது "ஏதோ வருகிறது" என்று மட்டும் சொல்லும். எங்கே என்று கண்தான் தேட வேண்டும். பாட்டு அந்த முதல் எச்சரிக்கையையே மூடிவிடுகிறது.

காதுக்குள் செருகுகிற நீச்சல் இயர்போன் போட்டு இறங்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் உடனடி ஆபத்து இதுதான்.

அந்த இயர்போனின் சிலிக்கன் முனை தண்ணீர் புகாமல் காதை இறுக்கி அடைக்கும். நீச்சல் தடாகத்துக்கு அது நல்லது. ஆழத்துக்குப் போனால் முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில் மேற்பரப்பு அழுத்தத்தில் காற்று சிறைப்பட்டுப் போகும். நீங்கள் மூக்கைப் பிடித்து ஊதி நடுக்காதைச் சமப்படுத்துகிறீர்கள். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வெளியே ஏறவில்லை. செவிப்பறை வெளிப்பக்கம் பிதுங்கும். நீங்கள் இன்னும் பலமாக ஊத, இன்னும் பிதுங்கும். இரண்டு மூன்று மீற்றரிலேயே வலி தொடங்கி, இரத்தம் கட்டி, பறை கிழியவும் கூடும். கிழிந்தால் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் பாய்ந்து தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது, வாந்தி வரும்.

காதடைப்பான், பஞ்சு, மெழுகு, காதை இறுக்கி மூடும் தொப்பி எல்லாவற்றுக்கும் இதே விதி. காதுத் துவாரத்துக்குள் தண்ணீர் தாராளமாகப் போய்வர வேண்டும்.

காதை அடைக்காமல் கன்ன எலும்பில் ஒட்டி நிற்கிற ஹெட்செட் என்றால்?

காது அழுத்தப் பிரச்சினை அதில் இல்லை. தண்ணிக்குள் பாட்டும் தெளிவாகக் கேட்கும். ஆனால் அது எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதைப் பெட்டியில் பாருங்கள்.

தண்ணீர் புகாமைக்கான தரக்குறி ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீற்றரில் 30 நிமிடம். 8 என்றால் அதற்கு மேல், ஆனால் எவ்வளவு என்பதைத் தயாரித்தவரே குறிப்பிட வேண்டும். நீச்சலுக்கு என்று விற்பவற்றில் பெரும்பாலும் 2 அல்லது 3 மீற்றர் என்றுதான் இருக்கும். அதுவும் அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை. 10 மீற்றரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல 2 மடங்கு, 20 மீற்றரில் 3 மடங்கு, 30 மீற்றரில் 4 மடங்கு. மூடி வளையும், பொத்தானின் மென்சவ்வு உள்ளே அமுங்கும், பொத்தான் தானாக அழுந்திச் சத்தம் கூடும் அல்லது நிற்கும். கடைசியில் உப்புத்தண்ணி லித்தியம் பற்றரியைத் தொடும். தண்ணீர் புகுந்த கருவியைக் காயவைத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் நிறையவே உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஹெட்செட்டின் கை மாஸ்க் பட்டிக்கு அடியில் போகும். பட்டி சரியாகப் படியாமல் மாஸ்க்கின் ஓரத்தால் தண்ணீர் ஊறும். வள்ளத்தின் விளிம்பில் இருந்து பின்பக்கமாக விழுந்து இறங்கும்போது கழன்று போவதும் வழமை.

போனை வள்ளத்தில் வைத்துவிட்டுப் புளூடூத்தில் கேட்க முடியாதா?

முடியாது. புளூடூத்தின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் சில சென்ரிமீற்றருக்குள்ளேயே விழுங்கிவிடும். பாட்டு கருவிக்கு உள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தால்தான் ஓடும். போனைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கொண்டுபோவதும் சரிவராது; உறை அமுங்கித் திரையை அழுத்தும், தொடுதிரை விரலுக்குப் பதில் சொல்லாது.

ஆழத்துக்கு என்றே செய்த இறுக்கமான பெட்டிகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, கமராவுக்கான பெட்டிகளைப் போல. அவற்றின் உயிர் ஒரு றப்பர் வளையத்தில் இருக்கிறது. ஒரு தலைமயிர், ஒரு மணல், உலர்ந்த உப்பின் ஒரு பொடி போதும், தண்ணீர் புக.

வளையத்தைக் கூரான எதனாலும் கிளறாமல் விரலால் தள்ளி எடுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நூல் விடாத துணியால் துடையுங்கள். சிலிக்கன் கிறீசை வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள்; அப்பிவிட்டால் மணலைப் பிடித்து வைக்கும். கருவியை வைக்காமல், ஒரு டிஷூவை மடித்து உள்ளே வைத்து, போகப்போகும் ஆழத்துக்கு ஒருமுறை கொண்டுபோய் வாருங்கள். டிஷூ நனையவில்லை என்றால்தான் கருவி. திரும்பி வந்ததும் கழுவக் கிணற்றுத் தண்ணி போதும் என்று நினைக்க வேண்டாம். கரையோரக் கிணறுகள் பல உவர். குடிக்கிற தண்ணீரில் அரை மணிநேரம் ஊறவிடுங்கள்.

பெட்டி நன்றாக இருந்தாலும் அடுத்த கேள்விக்கான பதில் மாறாது.

மெதுவாக வைத்துக் கேட்டால் என்ன? அப்படி எந்தச் சத்தத்தைத் தவறவிடப் போகிறேன்?

முதலாவது வெளியிணைப்பு எஞ்சின். எங்கள் கடலில் சுழியோடிக்குப் பெரிய ஆபத்து சுறா அல்ல, மேலே ஓடுகிற பைபர் வள்ளத்தின் காற்றாடி. வலை இழுக்கிற நேரத்திலும், மீனோடு கரைக்கு ஓடுகிற நேரத்திலும் மிதவையைப் பார்த்து விலகுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

இரண்டாவது உங்களோடு கூட இறங்கும் சோடி. அவருக்குக் காற்று முடிகிறது, வலையில் சிக்கிவிட்டார், கால் பிடித்துவிட்டது. சிலிண்டரில் கத்திப் பிடியால் தட்டுவதுதான் அவருடைய குரல். மாரியில் வட்டுவாகலில் நந்திக்கடலின் வாய் உடைத்துக்கொண்டு பாயும்போது கலங்கல் கடலுக்குள் நெடுந்தூரம் போகும். அந்தத் தண்ணீரில் சோடி இரண்டு மீற்றரில் நின்றாலும் தெரியாது. அப்போது தட்டும் சத்தம் ஒன்றுதான் தொடர்பு.

மூன்றாவது உங்கள் சொந்தக் கருவிகள். சிலிண்டர் வாயில் வளையம் பழுதானால் தலைக்குப் பின்னால் ஒரு "ஸ்ஸ்ஸ்" வரும். குழாய் வெடிக்கப்போகிறது என்றால் சிறு குமிழிகளின் கிரிகிரிப்பு முன்பே கேட்கும். மிதக்க உதவும் மேலாடைக்குக் காற்று விடும் பொத்தான் சிக்கி, தானாக ஊதத் தொடங்கினால் அந்தச் சீறல் கேட்ட உடனேயே குழாயைக் கழற்றினால் தப்பலாம். ஐந்து செக்கன் பிந்தினால் நீங்கள் மேலே பறக்கிறீர்கள். ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் காட்டும் கைக் கணினியின் எச்சரிக்கை மெல்லிய கீச்சு. நிமிடத்துக்கு 9 மீற்றரைத் தாண்டி ஏறுகிறீர்கள் என்று அது சொல்வதைப் பாட்டின் தாளம் சுலபமாக மறைக்கும்.

நான்காவது உங்கள் காது திறக்கும் "கிளிக்". இறங்கும்போது அரை மீற்றர், ஒரு மீற்றருக்கு ஒருமுறை சமப்படுத்த வேண்டும், வலி வருவதற்கு முன். இரண்டு காதும் திறந்ததா என்று அந்தச் சின்னச் சத்தத்தால்தான் பலர் அறிகிறார்கள்.

எஞ்சின் சத்தம் நெருங்குகிறது. என்ன செய்ய வேண்டும்?

ஏறுவதை நிறுத்துங்கள். 5 மீற்றரைவிடக் குறைந்த ஆழத்தில் நின்றால் மெதுவாகக் கீழே இறங்குங்கள். சோடியின் கண்ணைப் பிடித்து, மேலே கையைக் காட்டுங்கள். சத்தம் ஏறி, உச்சிக்குப் போய், தேய்ந்து மறையும் வரை காத்திருங்கள். தேயாமல் ஒரே அளவில் முணுமுணுத்தால் வள்ளம் கிட்ட எங்கோ ஓடாமல் நிற்கலாம். எஞ்சின் நின்றபின் ஏறுங்கள்.

காற்று அனுமதித்தால் 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பது எப்படியும் விதி. அந்த 3 நிமிடத்தைக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். செம்மஞ்சள் மிதவைக் குழாயை அதற்கு முன்பே ஊதி மேலே விட்டுவிடுங்கள். கடைசி மீற்றர்களில் ஒரு கையை உயர்த்தி, முழு வட்டம் சுற்றிப் பார்த்துக்கொண்டு எழும்புங்கள்.

வள்ளத்தில் நிற்பவர் கீழே இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது? கத்தினால் கேட்குமா?

கேட்காது. காற்றில் எழும் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வலுத்தான் நீர்ப்பரப்பைத் தாண்டி உள்ளே போகும். ஹோர்னும் விசிலும் அப்படியே. சத்தம் தண்ணிக்குள்ளேயே பிறக்க வேண்டும். ஒரு மீற்றர் நீளமான இரும்புக் குழாயைக் கயிற்றில் கட்டி, பாதிக்கு மேல் தண்ணிக்குள் தொங்கவிட்டு, மேல்நுனியில் சுத்தியலால் அடியுங்கள். பைபர் அடித்தட்டில் தட்டுவது மந்தமாகத்தான் கேட்கும்.

எஞ்சினை உறுமவைத்துக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. கியர் போடாமல், காற்றாடி சுழலாத நிலையில் மட்டும். கீழே ஆள் இருக்கும்போது கியரில் கை வைக்கவே கூடாது.

தட்டுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே அகராதி இல்லை. இறங்குவதற்கு முன் பேசித் தீர்மானியுங்கள். உதாரணமாக, மூன்று தட்டு என்றால் "என்னைப் பார்". நிற்காத தட்டு என்றால் "டைவை முடித்து மேலே வா". எது வைத்தாலும் வள்ளத்துக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டுவது உங்கள் சிலிண்டரில். கடலடியில் கிடக்கிற இரும்பில் ஒருபோதும் தட்டிப் பார்க்க வேண்டாம். 2009 வரை போர் நடந்த கரை இது. துருப்பிடித்துச் சிப்பி ஒட்டிக் கிடப்பது வெடிக்காத குண்டாக இருக்கலாம். தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கு அறிவியுங்கள்.

கலங்கல் நீரில் எல்லாவற்றையும் விட நம்பகமானது கயிறு. சிலாபத்துறை, அரிப்பு முத்துக்குளிப்பில் கல்லைப் பிடித்து இறங்கியவருக்கும் மேலே நின்றவருக்கும் பேச்சு அதுதான்: கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துவிட்டால் மேலே தூக்குவார்கள். இன்றைக்கும் சோடிகள் ஒன்றரை, இரண்டு மீற்றர்க் கைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே முறையில் போகலாம்.

பாட்டுக் கேட்டால் மனம் அமைதியாகி, மூச்சு குறைந்து, காற்று மிச்சம் பிடிக்குமாமே?

தாளம் வேகமானால் மூச்சும் வேகமாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காற்றைத் தின்பது ஆழமும் உடல் உழைப்பும்.

கணக்கு இது. 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில் காற்று மானியின் முள் 200 bar அழுத்தத்தில் இருந்தால் 2200 லீற்றர் காற்று. 50 கையிருப்பு, அதைத் தொடக்கூடாது. மிச்சம் 1650 லீற்றர். மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுபவருக்கு 10 மீற்றரில் 40, 20 மீற்றரில் 60 லீற்றர் போகும். அப்படியென்றால் 20 மீற்றரில் 27 நிமிடம். ஏறுகிற நேரமும் நிறுத்தமும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு பாட்டு 4, 5 நிமிடம். "இந்தப் பாட்டு முடியட்டும், பிறகு முள்ளைப் பார்ப்போம்" என்ற ஒரு நினைப்பு 300 லீற்றர்.

மூச்சைச் சீராக்க வேண்டுமென்றால் உங்கள் குமிழிச் சத்தத்தையே கேளுங்கள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. குமிழி ஒரே கொத்தாக "கொள்" என்று தெறித்தால் அவசரப்படுகிறீர்கள்; நீளமான நூலாகப் போனால் சரி.

தூரத்தில் "டும்" என்று நெஞ்சில் இடிப்பது போல ஒரு சத்தம். அது என்ன?

வெடி போட்டு மீன் பிடிப்பதாக இருக்கலாம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது, ஆனாலும் நின்றபாடில்லை. பாரையும் குஞ்சு மீனையும் சேர்த்து அழிக்கிற வேலை. தண்ணீர் அமுங்காது என்பதால் வெடியின் அழுத்தம் நேராக நுரையீரலையும் குடலையும் காதையும் தாக்கும். முதல் சத்தத்தோடு டைவை முடியுங்கள். பதறி மேலே பாயாமல், வழமையான வேகத்தில் ஏறி வள்ளத்துக்குள் போய்விடுங்கள். அடுத்தது எப்போது, எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குத் தெரியாது. இருமலில் இரத்தம், வயிற்று வலி, காதில் இரைச்சல் இருந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சரி, கடலுக்குள் என்னென்ன கேட்கலாம்? எங்கே, எப்போது?

கடுகு வெடிக்கும் சத்தம் சொடுக்கு இறாலுடையது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமன். அதை அவ்வளவு வேகத்தில் மூடுகிறது, தண்ணீர் ஒரு தாரையாகப் பீறி, நடுவில் வெற்றிடக் குமிழி உண்டாகிறது. சத்தம் கொடுக்கு முட்டுவதால் அல்ல, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்று 2000ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் அதிவேகக் கமராவில் கண்டார்கள். அந்த அடியில் சிறு இரை மயங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் காதால் தேடியவர்களுக்கு இந்த இறால்கள் பெரிய இடைஞ்சல். கல்லும் சிப்பியும் உள்ள எந்தப் பாரிலும், களப்பின் வாயிலும் கேட்கலாம். காலைக் கருக்கலிலும் மாலை மங்கலிலும் கூடும்.

கிளிமீன் பவளத்தை அரிக்கும் சத்தம் பகலில் கேட்கும்: அலகால் "கரக்", பிறகு நறநற. இரண்டு மூன்று மீற்றரில் நின்றால் தெளிவாகப் பிடிக்கலாம். கத்தாளை மீன் காற்றுப்பையைத் தசையால் அடித்து மேளம் கொட்டும். பொழுது பட்ட பிறகு கூட்டமாக. வலையில் தூக்கியதும் அது "கொர், கொர்" என்பதை மீனவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்; கடலுக்குள் அதே சத்தம்தான் அதன் பேச்சு. கிளாத்தியும் உறுமும். சிங்கி இறால் பொந்தில் நெருக்கப்பட்டால் மீசையின் அடியை உரசிக் கதவு கீறுவது போல் ஒரு சத்தம் எழுப்பும். கேட்டால் பொந்துக்குள் கையை விடாதீர்கள், பின்வாங்குங்கள். ஓங்கில் (டொல்பின்) வந்தால் கண்ணில் படுவதற்கு முன்னே விசிலும் டிக்டிக்கும் வரும். மன்னார் வளைகுடாவின் சாதாளைப் (கடற்புல்) படுகைகளில் மேய்கிற ஆவுளியா (கடற்பசு), அவ்வளவு பெரிய உடம்போடு, குருவி போலக் கீச்சிடும். அதைக் கேட்பது பெரும் பேறு, துரத்திக்கொண்டு போகக்கூடாது.

மழை தொடங்குவதையும் கீழே இருந்து கேட்கலாம். தூறல் பெருமழையைவிடக் கீச்சாக இருக்கும். ஒவ்வொரு துளியும் சிக்கவைக்கும் நுண்குமிழி மணி போல ஒலிப்பதுதான் காரணம்.

காலம் என்றால், முல்லைத்தீவுப் பக்கம் சித்திரையில் இருந்து புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று எழும்பினால் இறங்க வேண்டாம். மன்னாருக்குத் தெற்கே மறுபுறம்: தென்மேற்குச் சோளகக் காற்றில் கொந்தளிக்கும், மாசி முதல் சித்திரை வரை தெளிவு. அந்தக் காலத்து முத்துக்குளிப்பும் அந்த மாதங்களில்தான் நடந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். வெளிறிச் செத்த பார் சத்தம் குறைந்த பார். அவுஸ்திரேலியாவில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், செத்த பவளத் துண்டுகளுக்கு அருகே ஆரோக்கியமான பாரின் சத்தத்தை ஒலிபரப்பியபோது, சத்தம் இல்லாத இடத்தைவிட இரண்டு மடங்கு மீன் வந்து தங்கியது. குஞ்சுகள் வீட்டைக் காதால் தேடுகின்றன.

மூச்சை அடக்கினால் குமிழிச் சத்தம் நின்று நன்றாகக் கேட்குமே?

சிலிண்டர் காற்றை மூச்சாக எடுத்தவர் மூச்சை அடக்கக்கூடாது. நிறைந்த நுரையீரலோடு ஒரு மீற்றர், ஒன்றேகால் மீற்றர் மிதந்து ஏறினாலே காற்று விரிந்து நுரையீரல் கிழியலாம். அதற்குப் பதில் நிலையாக நின்று, மெதுவாக முழுவதும் வெளிவிட்டு, அடுத்த மூச்சை மெல்ல இழுங்கள். உள்ளிழுக்கும் அந்த மூன்று நாலு செக்கனில் குமிழி இல்லை. கடல் திறந்து கேட்கும். சோடியிடம் இருந்து கொஞ்சம் தள்ளி, ஆனால் பார்வைக்குள் நின்றால் அவருடைய குமிழியும் தொல்லை தராது.

சொடுக்கு இறால் 200 டெசிபல் என்று படித்தேன். காது போய்விடாதா?

போகாது. காற்றில் டெசிபலை 20 மைக்ரோபாஸ்கலில் இருந்து அளக்கிறார்கள், தண்ணீரில் 1 மைக்ரோபாஸ்கலில் இருந்து. இரு ஊடகங்களின் தன்மையும் வேறு. ஒப்பிட நீரின் எண்ணில் சுமார் 62ஐக் கழிக்க வேண்டும். அந்த அளவும் இறாலில் இருந்து 1 மீற்றரில், மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்துக்கு.

அப்படியென்றால் பாட்டு எங்கேயுமே கூடாதா?

தடாகத்தில் நீச்சல் பயிற்சிக்குத் தாராளமாகக் கேளுங்கள். வள்ளம் வராத, மிதவைக் கயிறு கட்டிய இடத்தில், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, 2 மீற்றருக்குள் காதை அடைக்காத ஹெட்செட்டோடு நீந்துவதும் பரவாயில்லை. வள்ளம் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கேளுங்கள். இறங்குவதற்கு முன் விளக்கப் பேச்சு நடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

தண்ணிக்குள் ஒலிபெருக்கி இறக்கிப் பாட்டுப் போடுவதை மட்டும் இந்தக் கடலில் செய்ய வேண்டாம். மீன்கள் ஒன்றையொன்று கூப்பிடும் அதே சத்த அளவுக்குள்தான் நம் பாட்டும் இருக்கிறது.

கடலோசையைப் பதிந்து வீட்டில் கேட்க என்ன தேவை?

இறங்காமலே தொடங்கலாம். மட்டக்களப்பு வாவியில் பாடுமீனைக் கேட்கிறவர்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைப்பார்கள். கொக்கிளாய்க் களப்பிலும் ஓர் அமைதியான மாலையில் செய்து பாருங்கள், செலவே இல்லை.

பதிவதற்கு, அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீற்றர் பீசோ வட்டு ஒன்று வாங்குங்கள். ரேடியோ திருத்துகிற கடைகளில் பசர் என்று கேட்டால் தருவார்கள். கவசமிட்ட மைக் வயர் 5 மீற்றர். நடு வெள்ளைப் பகுதியில் உள்கம்பி, பித்தளை ஓரத்தில் கவசக் கம்பி. ஈயப்பற்றை ஓரிரு செக்கனுக்குள் முடியுங்கள். சூடு கூடினால் வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும். போத்தல் மூடி ஒன்றுக்குள் வைத்து எப்பொக்சியை மெதுவாக ஊற்றுங்கள். குமிழி அடைபட்டால் அழுத்தத்தில் அங்கேதான் வெடிக்கும். வயர் நுழையும் இடத்தில் இரண்டாம் முறையும் பூசுங்கள், ஒரு நாள் இறுகவிடுங்கள்.

இதோடு நேராகப் பதிகருவியில் செருகினால் ஓசை தகரம் போல இருக்கிறது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். குறை வட்டில் இல்லை. வட்டின் கொள்ளளவம் ஏறத்தாழ 20 நானோபரட். பதிகருவியின் மைக் வாயில் தடை 10 கிலோஓம் என்றால் 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். கத்தாளையின் மேளம் முழுக்க அதற்குள் போய்விடும். கிற்றார் செருகுகிற 1 மெகாஓம் வாயில் போட்டால் 8 ஹேர்ட்ஸ் வரை இறங்கும்.

வள்ளத்தில் எஞ்சினை நிறுத்தி, நங்கூரச் சங்கிலி அசையாமல் அடங்கட்டும். வயரில் பாரம் தொங்கவிடாதீர்கள். அரைக் கிலோ ஈயத்தைத் தனிக் கயிற்றில் கட்டி, வயரைத் தளர்வாக அதோடு சேர்த்துக் கட்டுங்கள். வள்ளத்தின் ஓரத்தில் அலை அறையும் சத்தம் எல்லாவற்றையும் கெடுக்கும். கயிற்றை ஒரு மிதவையில் கட்டி, வயர் எட்டும் மட்டும் இரண்டு மீற்றராவது தள்ளி விடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். தானியங்கிச் சத்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, சாதாரண அளவு மைனஸ் 20 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். இறாலின் சொடுக்கு திடீரென்று பாயும், அதற்கு இடம் வேண்டும். ஒரே இடத்தில் குறைந்தது பத்து நிமிடம். கோப்புக்குத் திகதி, நேரம், இடம், ஆழம், காற்று எந்தப் பக்கம் என்று அன்றைக்கே பெயர் வையுங்கள். அடுத்த வருடம் அதே பாரில், அதே மாதத்தில், அதே பொழுதில் திரும்பப் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், சடசடப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று காதாலேயே தெரியும்.